பிள்ளைகள் ஊரில் நாற்பது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 23, ஞாயிறன்று தொலைபேசியில் தாங்களும் நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் பேசியதில் எவர் சொன்னதும் எவருக்கும் விளங்கவில்லை. ஐரோப்பியப் பயணம் பற்றிய பேச்சு இனி எழுத்தில் இருப்பதே நல்லது என்று கருதுகிறேன். தங்கள் கடையிலேயே ஜெராக்ஸ் இயந்திரம் இருப்பதால் படி எடுத்து வைத்துக்கொள்வதும் தங்களுக்கு எளிது.

என் மகனும் தங்கள் மகளும் மணமுடித்து அங்கே குடியேறி, வரும் ஜூன் 14ஆம் தேதியோடு ஐந்து ஆண்டுகள் நிறைகின்றன. அவர்கள் வீட்டுக்குள் நம்மில் எவரும் கால் வைத்ததில்லை. ஊர் பார்ப்பது சாக்கு, பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் சில நாள் இருப்பதே நோக்கம் என்று சென்ற ஆண்டு தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆயினும் அவ்வளவு தூரம் சென்று ஒரே வீட்டில் அடைந்து கிடப்பதும் முறையாகாது.

பயணம் செப்டம்பர் 5, வெள்ளியன்று தொடங்கி 24, புதனன்று முடியும். ஊர்ப் பெயர்களை நாம் மூவரும் மூன்று விதமாக உச்சரித்ததில்தான் அன்று பாதிக் குழப்பம். ஆகவே அடையாளம் கொண்டு எழுதுகிறேன்: கால்வாய் ஊர், ஓவியக்கூட ஊர், மணிக்கூண்டு ஊர், ஏரி ஊர், பனிமலை ஊர், பிள்ளைகள் ஊர், கடைசியாக விமானம் ஏறும் பெரிய ஊர். ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரில் விமானம் ஏறுவதால் வந்த வழியே திரும்பும் வீண் அலைச்சல் இல்லை. இரண்டு இடங்களில் இரவு ரயில். தூங்கும் நேரத்தில் தூரம் கடந்துவிடும். பிள்ளைகள் ஊரில் இரண்டு இரவுகள். நாள்வாரியான அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளேன்.

மருந்து நிறுவனத்தின் சரக்கு அனுப்பும் பிரிவை முப்பத்தொரு ஆண்டுகள் நடத்தியவன் நான். ஒரு பெட்டியும் தவறான ஊருக்குப் போனதில்லை. தாங்கள் கவலையுற வேண்டியதில்லை.

தங்கள் கருத்தை இம்மாதம் 15ஆம் தேதிக்குள் எதிர்பார்க்கும்,
சம்பந்தி

*

வெள்ளிக்கிழமை

சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கடையில் நின்றபடி, ஒரு தடவை வீட்டில் காலை வெந்நீரில் வைத்தபடி.

நான் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை மிஷின் பக்கத்தில் நிற்கிறவள். எதிரே கோர்ட் இருப்பதால் கூட்டம் ஓய்வதே இல்லை. பத்தொன்பது நாள் கடையைப் பூட்டுவதே உட்காருவதற்குத்தான். நீங்கள் போட்டிருப்பதைப் பார்த்தால் காலையில் பெட்டி கட்ட வேண்டும், மாலையில் பெட்டி அவிழ்க்க வேண்டும். இது ஊர் பார்ப்பதா, வாரம் மூன்று தடவை வீடு மாற்றுவதா?

உங்கள் வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி என்று நீங்களே சொன்னீர்கள். இரவு ரயிலில் மேல் படுக்கைக்கு அவர் எப்படி ஏறுவார்? தூங்கும் நேரத்தில் தூரம் கடந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தூரம் கடக்கும், தூக்கம் வராது. பெட்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு உண்டு.

என் கடையில் வேலை செய்யும் பெண் உங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல ஒண்ணுக்குப் போற நேரம் எங்க இருக்கு?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

ஊரைக் குறையுங்கள். எந்த ஊரை வேண்டுமானாலும் குறையுங்கள்.

*

மார்ச் 19, புதன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தேதியிடப்படாத தங்கள் கடிதம், அஞ்சல் முத்திரையின்படி 14ஆம் தேதி அனுப்பப்பட்டு, 17, திங்களன்று கிடைத்தது.

தங்கள் கடைப் பெண்ணின் ஐயத்துக்கு விடை: ரயில்களிலேயே வசதி உண்டு.

தங்கள் கால்களையும் என் மனைவியின் முழங்காலையும் கருதி இரவு ரயில்கள் இரண்டையும் நீக்கிவிட்டேன். பனிமலை ஊரையும் நீக்கியுள்ளேன். அங்கே ரயிலைவிட்டு இறங்கியபின் மேலும் இரண்டு வண்டி மாற வேண்டும். எங்கும் மதியம் மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்களாம். ஆதலால் காலையில் போய்ச் சேரும் ஊர்களில் நிலையத்திலேயே பெட்டிகளைப் பூட்டி வைக்கும் இடத்தைக் குறித்திருக்கிறேன்.

அட்டவணையைச் சீர்செய்தபோது பிள்ளைகள் ஊரில் இரண்டு இரவு என்றிருந்ததை ஓர் இரவாக மாற்ற நேர்ந்தது. அவர்கள் இருப்பது சிறிய வீடு. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாம் மூவரும் போய் இறங்கினால் அவர்களுக்குச் சிரமம். மேலும் அந்த வாரம் அங்கே மழை பெய்யும் என்று கடந்த பத்தாண்டுக் கணக்கு காட்டுகிறது. தாங்கள் வருந்துவீர்கள் என்று அறிவேன். ஆயினும் பயணத்தின் ஒழுங்கு கருதிப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மணிக்கூண்டு ஊரில் ஒரு நாள் கூடியிருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது ஏராளம் என்கிறார்கள்.

சம்பந்தி

*

ஞாயிற்றுக்கிழமை

சம்பந்திக்கு,

இரவு ரயிலை எடுத்ததற்கு நன்றி. அக்காவிடமும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஊரைப் பற்றி. நான் வருந்தவில்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்ன வீடு, இரண்டு பேருக்கும் வேலை. நாம் போய் ஒரு ராத்திரி தங்கினால் மெத்தை விரித்து, மெத்தை சுருட்டி, அவர்களுக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம். அந்த ஒரு இரவும் வேண்டாமே? அவர்களே ஏதாவது ஒரு ஊரில் வந்து நம்மைப் பார்த்துக்கொள்ளட்டும். வர முடிந்தால் வரட்டும். ஒருவர் வந்தாலும் போதும்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். வடக்கே ஒரு துறைமுக ஊர் இருக்கிறதாம். கடற்கரை நன்றாக இருக்குமாம். கடையில் நகல் எடுக்க வந்த ஒருவர் சொன்னார். அங்கே மூன்று நாள் போடுங்கள். மணிக்கூண்டை அடித்துவிடுங்கள், மணி நம் ஊரிலும் அடிக்கிறது. நான் மணலில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்களும் அக்காவும் ஊரைச் சுற்றிவிட்டு வாருங்கள். எனக்குத் துணை வேண்டாம்.

*

மார்ச் 31, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் 27ஆம் தேதி கிடைத்தது. நான்கு நாட்கள் யோசித்தேன்.

துறைமுக ஊர் நம் பாதையில் இல்லை. ஐந்து மணி நேரம் வடக்கே போய், அதே ஐந்து மணி நேரம் தெற்கே வர வேண்டும். செப்டம்பரில் அந்தக் கடலில் எவரும் கால் நனைப்பதில்லை. காற்று காதைப் பிய்த்துவிடுமாம். நகல் எடுக்க வந்தவர் அங்கே எந்த மாதம் போனார் என்று விசாரிக்கவும்.

பிள்ளைகள் விஷயத்தில் தங்கள் பெருந்தன்மை என்னை நெகிழச் செய்தது. மகனிடம் 29, சனியன்று பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். நமது ரயில் பிள்ளைகள் ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே வண்டி மாறும் இடைவெளி நாற்பது நிமிடம். மகன் நிலையத்துக்கே வந்துவிடுவான். நடைமேடையில் நின்றபடி பார்த்துக்கொள்ளலாம். பெட்டிகளை ஏற்றவும் ஓர் ஆள் கிடைக்கும். தங்கள் மகளுக்கு அன்று அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு இருக்கக்கூடும் என்றான். அவள் வர இயலாவிட்டால் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தங்கள் இசைவை 10ஆம் தேதிக்குள் தெரிவித்தால் பயணச்சீட்டுகளை உறுதி செய்வேன்.

சம்பந்தி

*

ஏப்ரல் 5, சனி

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் பத்திரப்படுத்துவீர்கள் என்பதால் தேதி போட்டிருக்கிறேன்.

பெற்ற பிள்ளைகளைப் பிளாட்பாரத்தில் நாற்பது நிமிடம் பார்க்க விமானம் ஏறிப் போகும் கிழங்கள் இந்த உலகத்தில் நாம் மட்டுமாகத்தான் இருப்போம். அதற்கும் “சரி” என்று எழுதிவிட்டேன். எழுதி, கவரில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன்.

செப்டம்பரில் நடக்கப்போகும் பயிற்சி வகுப்பை மார்ச்சிலேயே எந்த ஆபீஸில் சொல்லுவார்கள்? நீங்கள் எதற்கும் ஒரு காரணம்தான் சொல்லுவீர்கள். அந்த ஓர் இரவைக் குறைக்க மட்டும் மூன்று சொன்னீர்கள். மழையையும் கூப்பிட்டீர்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

என் மகள் அந்த வீட்டில் இல்லை. உங்களுக்கும் தெரியும். துறைமுக ஊரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். அங்கேயே வேலை மாற்றிக்கொண்டுவிட்டாள். நகல் எடுக்க வந்தவர் என்று யாரும் கிடையாது.

அவள் என்னிடம் சொன்னது இதுதான். “அம்மா, மாமாவுக்குத் தெரிய வேண்டாம். அவருக்கு பிரஷர். நீ பாட்டுக்கு உளறிடாத.” நான் உளறவில்லை. உங்கள் பிரஷருக்காக மணலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எழுதினேன்.

உங்கள் பிள்ளை உங்களிடம் என்ன சொன்னார்?

*

ஏப்ரல் 10, வியாழன்

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 8ஆம் தேதி கிடைத்தது.

தங்கள் மகள் வீட்டைவிட்டுச் சென்றது சென்ற நவம்பர் 9, சனிக்கிழமை. என் மகன் என்னிடம் சொன்னது டிசம்பர் 21. “அப்பா, அவங்க அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தனியா இருக்கிறவங்க, தாங்க மாட்டாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க” என்றான். நான் திறக்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று மாதங்களுக்கு மேலாக இந்த வீட்டில் தனி ஒருவனாகச் சுமந்தேன். தங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மழைக் கணக்கு தேடி நூலகத்துக்குப் போனேன்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் மகன் அவளை அடித்தானா? குடித்தானா? ஒரு நாள் தாமதமாக வீட்டுக்கு வந்ததுண்டா? எல்லாம் குறித்த நேரத்தில் செய்கிறவன். அவளுடைய பல் மருத்துவரின் தேதியைக்கூட அவன்தான் நினைவில் வைத்திருந்தான். இப்படிப்பட்ட ஒருவனை விட்டு ஒரு சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு போவதற்குக் காரணம் என்ன என்று பெற்றவள் என்ற முறையில் தாங்கள் கேட்டீர்களா?

பயணம் பற்றி இப்போது எழுதும் நிலையில் நான் இல்லை.

*

ஏப்ரல், தேதி நினைவில்லை

சம்பந்திக்கு,

கேட்டேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. நல்ல பையன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, அந்த வீட்டுல சும்மா உட்கார்ந்தா காரணம் சொல்லணும்.” ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை. விடுமுறைக்கு அட்டவணை. எட்டு மணிக்கு நடை, பத்து மணிக்குக் கடை, மதியம் யாரையாவது பார்க்கப் போவது. படுத்தால் “உடம்பு சரியில்லையா?” என்று கேள்வி. எழுந்தால் அடுத்த வேலை. தூக்கமே வருவதில்லை என்று மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அதுவும் தெரியாது.

நீங்கள் நவம்பர் 9 என்கிறீர்கள். அவள் போன நாள் அது. போக வேண்டும் என்று ஆனதற்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு என்னிடம் தேதி இல்லை.

நான் தனியாகப் போகிறேன். நேராகத் துறைமுக ஊருக்கு. உங்கள் ஏழு ஊரும் உங்களுக்கே இருக்கட்டும்.

*

ஜூன் 2, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடைசிக் கடிதத்தின் அஞ்சல் முத்திரை ஏப்ரல் 16. பதில் எழுத வேண்டிய முறை என்னுடையது என்பதை அறிந்தே இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இரண்டு முறை தொடங்கி நிறுத்தினேன். களைப்பாக இருந்தது. வேறு காரணம் சொல்ல விரும்பவில்லை.

மே 25, ஞாயிறன்று என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“மருமக வாராவாரம் எங்கிட்ட பேசுறாளே. நீங்க நடக்கப் போற நேரம் பார்த்துப் பேசுவா.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“உங்களுக்கு பிரஷர்னு அவதான் சொன்னா. நீங்க ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“உனக்கு முழங்கால் வலி என்று” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அழுதாள். நாம் மூவரும் ஒரே செய்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைத்து, அதைச் சுற்றி ஏழு ஊர்களுக்கு ரயில் விட்டிருக்கிறோம்.

இனி பயணம். தாங்கள் தனியாகப் போவது உசிதமன்று. விமானம் மாறும் இடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே அரை மணி நேரம் ஆகும். ஆகவே புதிய ஏற்பாடு இது. இரண்டே ஊர்கள். கால்வாய் ஊரில் நான்கு இரவு, ஏரி ஊரில் நான்கு இரவு. ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் இல்லை; அதுவும் விரும்பினால் மட்டும். செப்டம்பர் 14, ஞாயிறன்று மூவரும் ரயில் ஏறி, நடுவிலுள்ள பெரிய சந்திப்பு நிலையத்தில் இறங்குகிறோம். அங்கிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் வடக்கே போகும் ரயில் துறைமுக ஊருக்கு. தெற்கே போகும் ரயில் பிள்ளைகள் ஊருக்கு. பிள்ளைகள் ஊர் என்ற பெயர் இனிப் பொருந்தாது. வேறு பெயர் தோன்றவில்லை.

நான் மகனிடம் போகிறேன். என் மனைவி தங்களோடு வருகிறாள். இது என் முடிவு அல்ல. “அவனுக்கு நீங்க இருக்கீங்க. நான் மருமகளைப் பார்க்கணும்” என்றாள். செப்டம்பர் 22, திங்களன்று அதே நிலையத்தில் மூவரும் மீண்டும் சேர்ந்து பெரிய ஊருக்குப் போய், மறுநாள் விமானம்.

தாங்கள் சம்மதிப்பதானால் எழுதவும். சம்பந்தி என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் உள்ளதா என்று தெரியாததால் கீழே வெறுமனே விடுகிறேன்.

*

வியாழன்

சம்பந்திக்கு,

சம்மதம்.

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியாது. ஐந்து வருஷம் பழகிவிட்டது. கோர்ட் எதிரே கடை வைத்திருப்பவள் நான். எத்தனை பேர் எவ்வளவு விவாகரத்துக் காகிதம் நகல் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். அதில் புருஷன் பெண்டாட்டி பெயர்தான் இருக்கும், சம்பந்திகளைப் பற்றி ஒரு வரி வராது. அதனால் நாம் பாட்டுக்கு இருந்துகொள்ளலாம்.

ஒரு திருத்தம். ஜங்ஷனில் ரயில் மாற உங்கள் கணக்கில் பன்னிரண்டு நிமிடம். அக்கா படி இறங்கிப் படி ஏறுவதற்குள் ரயில் போய்விடும். அடுத்த ரயிலில் போடுங்கள். இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உட்காருவதை ஒரு வேலையாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

*

செப்டம்பர் 16, செவ்வாய்
மகன் வீட்டிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறன்று தங்கள் இருவரையும் வடக்கு ரயிலில் ஏற்றிவிட்டபின் என் ரயிலும் குறித்த நேரத்தில் வந்தது. தாங்கள் இருவரும் நலமாகச் சேர்ந்த செய்தியை மனைவி தொலைபேசியில் சொன்னாள். இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை. துப்புரவாக இருக்கிறது. துணி அலமாரியில் பாதி காலி. அவனுடைய சட்டைகள் அந்தப் பக்கத்துக்கு நகரவே இல்லை. உணவு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றின் இருக்கையில் மட்டும் துணி தேய்ந்திருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் வருகைக்கான அட்டவணையை அச்சிட்டு ஒட்டியிருந்தான். என்னுடையதைப் போலவே கட்டம் போட்டது. திங்கட்கிழமைக்கு மட்டும் கோட்டை, பாலம், அருங்காட்சியகம், பழைய சந்தை. காலையில் கோட்டைக்குப் போனோம். பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பூங்கா இருந்தது. அங்கிருந்த மரப்பலகை இருக்கையில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னப்பா, முடியலையா?” என்றான்.

“இல்லை. சும்மா உட்காரலாம் என்று.”

“உடம்பு ஏதாவது பண்ணுதா? தண்ணி வேணுமா?”

“ஒன்றும் பண்ணவில்லை.”

“அப்போ ஏன்?” என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “மியூசியத்துக்கு ரெண்டு மணிக்கு சீட்டு போட்டிருக்குப்பா. நேரமாகுது.”

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியும், எழுந்திருக்கவில்லை. அவன் என் எதிரே நின்றுகொண்டே இருந்தான். பாவமாக இருந்தது. நிற்பதைத் தவிர வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு மணி கடந்து போயிற்று. எங்கள் இருவருக்கும் அது எளிதாக இல்லை.

வெகுநேரத்துக்குப் பிறகு, “அம்மா ஏன் இங்க வரலை?” என்றான்.

“உன் மனைவியைப் பார்க்கப் போயிருக்கிறாள்.”

தலையாட்டினான். அதன்பின் தரையைப் பார்த்தபடி, “அவ எப்படி இருக்கா?” என்று கேட்டான். பத்து மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான் என்று நினைக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறான்.

“எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

தொலைபேசியில் கேட்டால் தங்கள் மகள் பக்கத்திலேயே இருப்பாள். உடனே அவள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அந்த நெருக்கடி அவளுக்கு வேண்டாம். ஆகவே இந்தக் கடிதம். விரைவு அஞ்சலில் நாளை கிடைக்கும் என்று அஞ்சலகத்துப் பெண்மணி உறுதி கூறினார். அவள் எப்படி இருக்கிறாள் என்று தாங்கள் ஒரு வரி எழுத வேண்டும். நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

சம்பந்தி

*

புதன்
மகள் அறையிலிருந்து

சம்பந்திக்கு,

கடிதம் மத்தியானம் வந்தது. அவள் வேலையிலிருந்து வந்ததும் படிக்கக் கொடுத்தேன். ஒளித்துவைக்கிற வேலை போதும் என்று தோன்றியது.

நீங்கள் பூங்காவில் சும்மா உட்கார்ந்ததை எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தாள். “மாமாவா?” என்றாள். “மாமாதான்” என்றேன்.

“என்ன பதில் எழுதப் போற?” என்றாள்.

“நீ சொல்லு.”

ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இங்கே ஜன்னலைத் திறந்தால் கப்பல் கிரேன்தான் தெரியும். அழகு என்று சொல்ல முடியாது. காற்று மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே காதைப் பிய்க்கிறது. அக்கா வந்ததிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

“நல்லா தூங்குறேன்னு எழுதும்மா” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அவருக்குப் புரியும்.”

எழுதிவிட்டேன். உண்மைதான். மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து, பேசி, சாப்பிட்டு முடித்ததும் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள். அக்கா போர்வையை இழுத்து விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினோம். ஒன்பது மணிக்குத் தூங்கினவள், காலையில் நான் தட்டித்தான் எழுந்தாள். அவள் இப்படித் தூங்கி, சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தது. அதைப் பார்த்த பிறகு, அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். திரும்பிப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை எங்களோடு ஜங்ஷன் வரைக்கும் வருகிறாள். உங்களைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் மட்டும்தானே வருவீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

*

செப்டம்பர் 19, வெள்ளி

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. தாங்கள் செய்ததையே நானும் செய்தேன். அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

நின்றபடி படித்தான். பிறகு தேய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

“இங்க தூங்கவே மாட்டா” என்றான்.

“ஏன் என்று கேட்டாயா?”

“கேட்டேனே. டாக்டர்கிட்ட தேதி வாங்கிக் குடுத்தேன்.”

அவனுக்குப் புத்தி சொல்லக்கூடியவன் நான் அல்ல. இன்று மதியம் அவன் வேலைக்குப் போகவில்லை. சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மாலையில் எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கம்பளிக் கோட்டை எடுத்து வந்தான். தங்கள் மகளுடையது; எடுத்துப் போகாமல் விட்டிருக்கிறாள். “அங்க காத்து ஜாஸ்தின்னு எழுதியிருக்காங்க. குளிர் வரப்போகுது. அவகிட்ட குடுத்துடுங்கப்பா” என்றான். நீயே வந்து கொடுக்கலாமே என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தானோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லவில்லை. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பெட்டிக்குள் மடித்து வைக்கப் போனேன். “கசங்கிடும். கையில கொண்டுபோங்க” என்றான்.

ஆகவே திங்களன்று அந்தக் கோட்டோடு ரயிலைவிட்டு இறங்குவேன். தங்கள் மகளிடம் இதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கோட்டைப் பார்த்ததும், அவனும் வந்திருக்கிறானோ என்று அவள் என் பின்னால் தேட வேண்டாம்.

சம்பந்தி